உலகம் அழியும் படங்களைப் பற்றி மட்டும்

மார்ச் 3
தீவு வானிலை நிலையம்

அக்காவுக்கு,

நான்கு மாதமாக நான் எழுதவில்லை என்பது உனக்கும் தெரியும், காரணமும் தெரியும். அதை விடு. இப்போதும் ஒரு நிபந்தனையோடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். உலகம் அழியும் படங்களைப் பற்றி மட்டும் எழுதுவோம். நவம்பர் வெள்ளத்தைப் பற்றி நீயும் பேசாதே, நானும் பேசவில்லை. பழைய ஏற்பாடு அப்படியே இருக்கட்டும். ஒரே படத்தை நீ அங்கே பார், நான் இங்கே பார்க்கிறேன், அபிப்பிராயத்தை எழுதி அனுப்பிக்கொள்வோம்.

இங்கே எதுவும் மாறவில்லை. ஏழு பேர், இரண்டு ஜெனரேட்டர், தேவைக்கு மேல் காற்று. செயற்கைக்கோள் லைன் மழை அளவை அனுப்பத்தான், நம் சொந்தக் கதை பேச அல்ல. அதற்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் சரக்குப் படகுதான். சனிக்கிழமை மாலை சாப்பாட்டு அறைச் சுவரில் படம் போடுகிறேன். ஜெனரேட்டர் மெக்கானிக்கான என்னைப் பகைத்துக்கொண்டால் விளக்கு எரியாது என்பதால், என்ன படம் என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். ஹார்ட் டிஸ்கில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். காதல் படம் ஒன்றுகூட இல்லை.

போன வாரம் விண்கல் படம், உன்னிடமும் இருக்கிறது, பச்சை அட்டை போட்டது. கட்டுப்பாட்டு அறைத் தலைவர் விண்கல் விழ ஒன்பது மணி நேரம் இருக்கும்போது நாற்காலியைத் தள்ளிவிட்டு மகளைத் தேடி ஓடுகிறாரே, அந்தப் படம். பார்த்த வரையில் சொல்கிறேன், இந்த வகைப் படங்களில் விண்கல்லுக்கு வேலையே இல்லை. அது வெறும் கெடு. கடியாரத்துக்குப் பதிலாக ஒரு பாறையை வைத்திருக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: நேரம் குறைவாக இருக்கும்போது ஒரு மனிதன் எந்தப் பக்கம் ஓடுகிறான்? அந்த ஆளுக்கு எது முக்கியம் என்று தெரிந்திருந்தது. சிலருக்குத் தெரிவதில்லை.

அப்பா எப்படி இருக்கிறார்? ஒரு வரி போதும்.

தம்பி

*

மார்ச் 15

அன்புள்ள பிரளயத்துக்கு,

நீ பெரிய மனிதனாகி நிபந்தனை போட்டாலும் அப்பா உனக்கு ஏழு வயதில் வைத்த பட்டப்பெயரை நான் மாற்றப் போவதில்லை.

படத்தைப் பார்த்தேன். உன் கட்டுப்பாட்டு அறைத் தலைவர் ஓடிப்போன பிறகு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள்? கேமரா அவர் காரின் பின்னாலேயே ஓடிவிட்டதால் நமக்குத் தெரியாது. அறையில் மிச்சமிருந்த பதினோரு பேருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்கள் ஓடவில்லை. அதனால்தான் ராக்கெட் கிளம்பியது, விண்கல் உடைந்தது, மகளும் பிழைத்தாள். கைதட்டல் மட்டும் ஓடியவருக்கு. பம்ப் ஹவுஸில் பத்தொன்பது வருடம் இருக்கிறவள் சொல்கிறேன், அலாரம் அடித்தால் யாரும் ஓடமாட்டோம். தரை ஈரமாக இருக்கும், வழுக்கும். நடந்துதான் போவோம். உன் படங்களில் ஒருவராவது நடக்கிறாரா பார்.

அப்பாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். ராக்கெட் புறப்பட்ட இடத்தில், "பின்னாடி இருந்து யாரு கொடி காட்டினா? எவனும் காட்டலையே. இது எப்படிக் கிளம்புச்சு?" என்று கேட்டார். ரயில்வே கார்டாக முப்பத்துநாலு வருடம் இருந்தவர் வேறு எதைக் கேட்பார்?

நீ கேட்ட ஒரு வரி: ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஆக்சிஜன் மெஷினோடு இருக்கிறார். கேட்காத இன்னொரு வரி: வாசல் கதவைச் சாத்த விடமாட்டேன் என்கிறார். பூனை வருகிறது, ஊர்த் தூசியெல்லாம் வருகிறது. சொன்னால் கேட்பதில்லை.

அக்கா

*

மார்ச் 24
தீவு

அக்காவுக்கு,

படகு நாளைக் காலையில் திரும்புகிறது, அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

இந்த வாரம் வெள்ளப் படம். ஊர் முழுக்க முழுகுகிறது, கதாநாயகியின் தலைமுடி மட்டும் நனையவில்லை. அலை வருவதற்கு முன் நாய் குரைக்கிறது, விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், யாரும் நம்புவதில்லை, அப்புறம் எல்லோரும் நம்புகிறார்கள். இந்த வரிசை மாறாது. காருக்குப் பெட்ரோல் தீராது. கடைசியில் உயரமான இடத்தில் நின்று தலைவர் சொற்பொழிவாற்றுவார். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டேன்.

நிபந்தனை போட்டது நான், மீறுவதும் நானே. அக்கா, வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். உன் பம்ப் ஹவுஸிலிருந்து அப்பா வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து திங்கட்கிழமை காலை வரைக்கும் அந்த மனிதர் தரைத்தள வீட்டில், தண்ணீருக்கு நடுவில், பரண்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. நுரையீரல் போனது அந்த இரண்டு ராத்திரியில்தான். நீ பம்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே.

இன்னொரு வருடம் இங்கேயே இருக்கச் சொல்லி மனுத்தாள் கொடுத்திருக்கிறார்கள். மே மாதத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஊருக்கு வந்தால் உன் வீட்டில்தானே அப்பா. உன் வீட்டுப் படியேற எனக்கு மனம் வரவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

கேட்டுவிட்டாய். நடந்ததைச் சொல்கிறேன், ஷிப்டு குறிப்பேட்டில் எழுதுவதுபோல.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வெள்ளத்தை ஆற்றுக்கு இறைக்கும் நான்கு பம்ப்பில் ஒன்று எரிந்துபோனது. மிச்சம் மூன்று. நிலையத்துக்குப் பின்னால் தாழ்வான இடத்தில் பிரசவ ஆஸ்பத்திரி, அன்றைக்கு உள்ளே நாற்பத்தாறு தாய்மார்கள். இன்னொரு பம்ப் நின்றால் தண்ணீர் அங்கேதான் போகும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நீ ஸ்கேல் வைத்து அளந்தாய் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆறு மணிக்கு அப்பாவின் போன் அடிக்கவில்லை. ஆறரைக்கு எங்கள் பம்ப் மெக்கானிக்கையும் இன்னொரு ஆளையும் படகில் அனுப்பினேன். போய்த் தட்டினார்கள், கூப்பிட்டார்கள், டார்ச் அடித்தார்கள். பதில் இல்லை. விளக்கு இல்லை. மாடியில் குடியிருந்தவர்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள். "வீடு காலிக்கா, எல்லாரையும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்கபோல" என்று மெக்கானிக் வந்து சொன்னார். நம்பினேன். பள்ளிக்கூட முகாமுக்கு ஆள் அனுப்பிச் சரிபார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. அது என் தப்பு, அதை எவரிடமும் மறைக்கவில்லை. திங்கட்கிழமை தண்ணீர் வடிந்ததும் நானும் மெக்கானிக்கும் போய்க் கதவை உடைத்தோம்.

படம் ஒன்று பார்த்தோம், வேற்றுக்கிரகவாசிகள் வருவது. அவர்கள் ஏன் எப்போதும் உயரமான கட்டடம் இருக்கிற ஊரிலேயே இறங்குகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. எங்கள் தெருவுக்கு வந்தால் நிறுத்த இடமிருக்காது என்கிறார் அப்பா. சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது, ஆனாலும் சிரித்தார்.

அக்கா

*

ஏப்ரல் 14
தீவு

அக்காவுக்கு,

என் காதில் பூச்சுற்றாதே. அப்பாவின் காது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அடுத்த அறையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் அவருக்குக் கேட்கும். வாசலில் இரண்டு பேர் நின்று கத்தியது கேட்கவில்லையா?

உன் மெக்கானிக் போகவே இல்லை. அதுதான் உண்மை. பாதி வழியில் படகைத் திருப்பிக்கொண்டு வந்து உன்னிடம் கதை விட்டிருக்கிறார். நீயும் வேலையில் கூட இருப்பவர் என்று மூடி மறைக்கிறாய். தொற்றுநோய்ப் படங்களில் வருமே, எல்லைக்காவலில் நிற்கிறவன் ஒரு பொய் சொல்வான், அந்த ஒரு பொய்யால் ஒரு ஊரே போய்விடும். நான் அந்த வகைப் படங்களை ரொம்ப மதிப்பதற்குக் காரணமே இதுதான். பேரழிவு வானத்திலிருந்து வருவதில்லை, ஒருவன் தன் வேலையைச் செய்யாததிலிருந்து வருகிறது என்று அவை சொல்கின்றன.

உங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதியிருக்கிறேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். அந்த ஆளை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த படகு மே ஐந்தாம் தேதி. அதில் உன் பதில் வந்தால் பார்ப்பேன். வராவிட்டால் அசல் அதே படகில் கிளம்பும்.

தம்பி

*

ஏப்ரல் 27

தம்பி,

புகாரை அனுப்பாதே. மெக்கானிக் போனார். தட்டினார். அப்பா அதைக் கேட்டார்.

இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆறு மாதம் காப்பாற்றினேன். மெக்கானிக்குக் கல்லூரியில் படிக்கிற பெண் இருக்கிறாள். கழுத்தளவு தண்ணீரில் எங்களுக்காக மூன்று நாள் நின்றவர். அவர் வேலை போவதைவிடச் சத்தியம் போகட்டும்.

போன வருடம் லீவில் வந்தபோது அப்பாவுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தாய், நினைவிருக்கிறதா? "உலகம் அழியும்போது அப்பா கவனிக்க வேண்டியவை." எட்டு விதி. பக்கெட்டுகளில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். நாய் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டும். கண்ணாடி போட்ட விஞ்ஞானியை முதலிலேயே நம்ப வேண்டும். அன்றைக்கு மூவரும் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. ஐந்தாவது விதி இது: "யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாது. ‘காப்பாற்ற வந்திருக்கிறோம்’ என்று சொல்கிறவர்களுக்குக் கண்டிப்பாகத் திறக்கக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டுச் சத்தம் போடாமல் உயரத்தில் உட்கார வேண்டும்."

நீ விளையாட்டாக எழுதினாய். ஆனால் யாருக்கு எழுதிக் கொடுத்தாய் என்று யோசித்தாயா? ரயில்வே சுற்றறிக்கை வந்தால் படித்துக் கையெழுத்துப் போட்டு, அதன்படியே முப்பத்துநாலு வருடம் நடந்த மனிதர். உன் தாளின் அடியிலும் "படித்தேன்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். கதவை உடைத்து உள்ளே போனபோது தாளின் அடிப்பகுதி கரைந்திருந்தது. ஐந்தாம் விதி வரைக்கும் தண்ணீர் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் வாய் திறந்தார். "தட்டினாங்கம்மா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. தம்பி எழுதியிருந்தானே, அதான் சத்தம் போடாம இருந்தேன்" என்றார். அடுத்த மூச்சில் "அவன்கிட்ட சொல்லாத" என்றார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருந்தது, இருக்கிறது. நீ என்னைத் திட்டி எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிட்டு இதைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. படங்களைப் பற்றிய பகுதியை மட்டும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு மிச்சத்தை மடித்து வைத்தேன்.

அக்கா

*

மே 5
தீவு

அக்கா,

புகாரைக் கிழித்துவிட்டேன். மெக்கானிக்கிடம் நான் என்ன சொல்ல முடியும்? நான் எழுதியது அவருக்குத் தெரியாது என்பதால் மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லை.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். படத்தைப் பற்றி ஏதாவது எழுதினால் கை ஓடும் என்று பார்த்தேன். போன வாரம் ரோபோ படம் ஒன்று போட்டோம், மனிதர்களைப் பாதுகாக்கச் சொல்லிக் கொடுத்த கட்டளையை அப்படியே நிறைவேற்றி, மனிதர்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிற ரோபோ. எல்லோரும் அதைத் திட்டினார்கள். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த ரோபோவும் அப்பாவும் சேர்ந்தே நினைவு வந்தார்கள். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அப்பா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? மனுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கிறேன். மேலதிகாரி அதை அடுத்த படகில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதுதான் எல்லோருக்கும் நல்லது. பணம் அனுப்புகிறேன், மெஷினுக்கு என்ன வேண்டுமோ எழுது.

தம்பி

*

மே 17

பிரளயத்துக்கு,

எல்லோருக்கும் நல்லது என்று யாரைக் கேட்டு முடிவு செய்தாய்?

உனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறியவள் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் மெஷினின் குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார். எடுக்காதீர்கள் என்றேன், கேட்கவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

"தாள்ல போட்டிருந்தது நிஜம். ஆனா குரல் யாருதுன்னு எனக்குத் தெரியும்மா. மெக்கானிக்தான். அவரை எத்தனை தடவை பார்த்திருக்கேன். கதவைத் திறந்தா இடுப்பளவு தண்ணியில இறங்கி அந்தப் படகுக்குப் போகணும். எனக்கு நீச்சல் தெரியாது. பரண்லயே உட்கார்ந்துட்டேன். அவங்க போனதுக்கப்புறம் கத்தினேன், கேட்கல. நீ கேட்டப்ப, பயந்துட்டேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. தாள் மேல போட்டுட்டேன். பையன் மேல பழி விழும்னு அப்போ தோணல."

இது நடந்ததா, உன் பாரத்தைக் குறைக்க இப்போது சொல்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கப் போவதும் இல்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவருக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்கிறார். நீ கையெழுத்துப் போட்டது ஒரு வருடத்துக்கு. கணக்கு உனக்கே தெரியும்.

இனிமேல் எனக்குப் படங்களைப் பற்றி எழுதாதே. வருகிறேன் என்று எழுது, இல்லையென்றால் வரமாட்டேன் என்று எழுது. இரண்டில் ஒன்றை அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

அக்கா

*

மே 26
தீவு

அக்கா,

வருகிறேன். இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. மனுத்தாளை மேலதிகாரியிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். எனக்குப் பதிலாக வரும் ஆள் அடுத்த படகில் இறங்குகிறார், அதே படகில் நான் ஏறுகிறேன். ஜூன் பதினேழு, பதினெட்டுக்குள் அங்கே இருப்பேன்.

இதற்குக் கீழே இருப்பது உனக்கு மட்டும். அப்பா பயந்ததைச் சொல்லிவிட்டார், நீ பள்ளிக்கூடத்தில் சரிபார்க்காததைச் சொல்லிவிட்டாய். நான் மட்டும் நீதிபதிபோல உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு நாங்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். ரேடியோ ஆபரேட்டர் கதவருகே வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். "உங்க ஊர்ல வெள்ளமாம். லைன் கிடைச்சிருக்கு, பத்துப் பதினஞ்சு நிமிஷம் நிக்கும். அதிகாரி பேசிக்கச் சொல்லிட்டாரு. வீட்டுக்குப் பேசணும்னா இப்பவே வாங்க" என்றார். படத்தில் உச்சக்கட்டம். விண்கலத்தில் ஒரே ஒருவன் மிச்சம், பூமிக்குத் திரும்புவானா மாட்டானா என்ற இடம். "முடியப் போகுது, இதோ வந்துடறேன்" என்றேன். முடிய இருபது நிமிடம் இருந்தது. எழுந்து போனபோது லைன் இல்லை. மூன்று நாள் இல்லை.

ஆறு மணிக்குத்தான் அப்பாவின் போன் அடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்தரைக்கு அடித்திருக்கும். அப்பா எடுத்திருப்பார். என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டிருப்பார். யாராவது வந்தால் உடனே போய்விடுங்கள் என்று சொல்லியிருப்பேன். நான் சொன்னால் அவர் தண்ணீரிலும் இறங்கியிருப்பார். அது புரிந்த பிறகுதான் மெக்கானிக் மேல் புகார் எழுதினேன்.

என்ன படம் என்று நீ கேட்பாய். பெயரைச் சொல்ல மாட்டேன், நீ போட்டுப் பார்த்துவிடுவாய். நல்ல படம் அக்கா. அந்த ஆள் பூமிக்கு வந்து சேர்ந்ததும் நான் அழுதேன்.

தம்பி